அறை வெப்பநிலை: எந்த அறை?

நச்சு வாயு உணரிகளைப் பற்றி ஒரு மதிப்பீடு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பாழ்கிணற்றைத் தூர் வார இறங்குமுன், ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். மேலூர்ப் பக்கத்திலோ உசிலம்பட்டிப் பக்கத்திலோ உள்ள முதியவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாமல் எரிந்தால் இறங்கலாம்.

இந்தச் சோதனையில் பாதி அறிவியல் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு உள்ளது. அது 16 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும். மனிதன் மயங்கி விழுவதற்கு அதைவிடவும் குறைய வேண்டும். ஆகவே விளக்கு சற்று முன்னதாகவே எச்சரித்துவிடுகிறது.

மறு பாதியோ ஆபத்தானது. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு காற்றில் 0.1 விழுக்காடு கலந்திருந்தாலே போதும், ஆள் ஓரிரு மூச்சில் சாய்ந்துவிடுவான். அந்தக் காற்றில் ஆக்சிஜன் குறைவில்லை. ஆகவே விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். மீதேன் வாயு 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தாலோ, அந்த விளக்கே வெடிவிபத்துக்குத் திரியாகிவிடும்.

விளக்குக்குப் பதிலாக என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடும் துறைகளுள் ஒன்றுதான் குறைகடத்தி வாயு உணரிகள் பற்றிய ஆராய்ச்சி. சென்சார் என்று ஆங்கிலத்தில் வழங்குவதையே இங்கே உணரி என்கிறோம். இத்துறையின் கட்டுரைகளில் ‘அறை வெப்பநிலையில் செயற்படும் உணரி’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. மாணவர்கள் அதைப் படித்து வியக்கிறார்கள். வியப்பில் தவறில்லை. ஆனால் அந்தத் தொடரின் பொருளை நிறுத்தி நிதானமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மூன்று உயிர்கள்

மதுரை பழங்காநத்தம் நேரு நகர்ப் பகுதியில் உள்ள கழிவுநீரேற்று நிலையத்தில், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மோட்டார் வேலைக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் விஷவாயு தாக்கி இறந்தனர். இத்தகைய செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. ஊரும் தேதியும் மாறும். ‘விஷவாயு தாக்கி’ என்ற சொற்கள் மட்டும் மாறுவதில்லை. ஏதோ ஒரு பகைவன் பதுங்கியிருந்து பாய்ந்ததுபோல அந்தச் சொற்கள் நம்மை எண்ண வைக்கின்றன. உண்மையில் அந்த வாயு அங்கே இருக்கும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும்.

சாக்கடையில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில வகை பாக்டீரியங்கள், நீரில் கரைந்துள்ள சல்பேட் உப்புகளைக் கொண்டு உயிர் வாழ்கின்றன. அவை வெளியிடும் கழிவே ஹைட்ரஜன் சல்பைடு. வெப்பம் ஏற ஏற அவற்றின் வேகமும் ஏறும். மார்கழியில் புளிக்க மறுக்கும் இட்லி மாவு சித்திரையில் பொங்கி வழிவதை நாம் பார்க்கிறோம் அல்லவா? சாக்கடையும் அப்படித்தான். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் மதுரையில் இந்த வாயு உண்டாவதற்குத் தடையேதும் இல்லை.

இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு கனமானது. ஆகவே பள்ளத்தில் தேங்கும். உடலில் புகுந்ததும், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். நுரையீரலில் காற்று இருந்தும் உடல் மூச்சுத் திணறும்.

இதைவிடக் கொடியது இதன் இன்னொரு குணம். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் நம் மூக்கை எட்டிவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு ஆகும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்போது நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்’ என்று ஒருவர் எண்ணும் அந்த நேரமே மிகக் கொடிய நேரமாக இருக்கக்கூடும். மனிதனின் இயற்கையான உணரி, ஆபத்து கூடும்போது அணைந்துவிடும் உணரி. செயற்கை உணரி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

வரப்பும் மடையும்

குறைகடத்தி, செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தாது. பீங்கானைப் போல முற்றிலும் தடுக்கவும் செய்யாது. சூழ்ந்திருக்கும் வாயுவைப் பொறுத்து ஜெர்மானியத்தின் மேற்பரப்பில் மின்பண்புகள் மாறுவதை 1953இல் பிராட்டெய்ன், பார்டீன் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் அறிவித்தனர். 1962இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேயாமா, துத்தநாக ஆக்சைடு மென்படலத்தைச் சூடாக்கி வாயுக்களைக் கண்டறிந்தார். அதே காலத்தில் தாகுச்சி என்ற மற்றொரு ஜப்பானியர் வெள்ளீய ஆக்சைடைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1968 முதல் அவருடைய உணரிகள் பெருமளவில் செய்யப்பட்டு, வீடுகளில் எரிவாயுக் கசிவை அறிவிக்கத் தொடங்கின.

இது வேலை செய்யும் விதத்தை நம் வயல்வெளியைக் கொண்டே விளக்கலாம். வெள்ளீய ஆக்சைடின் நுண்மணிகளைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள் என்று கொள்வோம். எலெக்ட்ரான்கள் பாத்தியிலிருந்து பாத்திக்குப் பாயும் நீர். காற்றிலுள்ள ஆக்சிஜன் மணிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதாவது வரப்பு உயர்கிறது, நீரோட்டம் தடைப்படுகிறது, மின்தடை கூடுகிறது. இப்போது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயு வந்தால், ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு அது வினைபுரிந்து எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. மடை திறக்கிறது, மின்தடை குறைகிறது. அந்தக் குறைவை அளந்தால் வாயுவின் அளவு தெரியும்.

இந்த வினைகள் விரைவாக நடக்க 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவை. ஆகவே உணரிக்குள் ஒரு சிறு சூடேற்றி இருக்கும். வழக்கமான வகைகளில் அது 200 முதல் 800 மில்லிவாட் வரை மின்சாரம் தின்னும். சட்டைப்பையில் வைக்கும் மின்கலத்துக்கு இது பெரும் சுமை. மீதேன் இருக்கக்கூடிய இடத்தில் சூடான பொருளைக் கொண்டுசெல்வதும் கவலைக்குரியது. சூடு இல்லாமலே இயங்கும் உணரி கிடைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். இதுவே அறை வெப்பநிலை உணரிக்கான தேடலின் நியாயம். அந்த நியாயத்தை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய சூடேற்றிகள் இன்று சில பத்து மில்லிவாட்டிலேயே, அதற்குக் குறைவாகவும்கூட, வேலையை முடித்துவிடுகின்றன. சுடர் வெளியே பாயாமல் தடுக்க நெருக்கமான கம்பிவலை மூடியும் உண்டு. 1815இல் டேவி தம் சுரங்க விளக்குக்குப் போட்ட வலையின் தத்துவமே அது. ஆகவே ‘சூடேற்றியே பெருந்தடை’ என்று தொடங்கும் கட்டுரைகள் எதிர்த்தரப்பின் வலிமையைக் குறைத்துக் காட்டுகின்றன என்றே சொல்ல வேண்டும்.

கறுத்த வெள்ளி வெளுக்குமா?

அறை வெப்பநிலையில் வாயுவைப் பிடிப்பது கடினமே அல்ல. மதுரை தெற்காவணி மூல வீதியில் வாங்கிய வெள்ளிக் குத்துவிளக்கைப் பூசையறையில் சில மாதங்கள் வைத்துப் பாருங்கள்; கறுத்துவிடும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களைச் சூடேற்றி எதுவும் இல்லாமல் அது உணர்ந்துவிட்டது! ஆனால் தானாக அது மறுபடி வெளுப்பதில்லை. விபூதி போட்டுத் துலக்கினால்தான் பழைய நிறம் வரும்.

அறை வெப்பநிலை உணரிகளின் அடிப்படைக் குறையும் இதுதான். வெள்ளீய ஆக்சைடோடு தாமிர ஆக்சைடைச் சேர்த்துச் செய்யும் உணரி, ஹைட்ரஜன் சல்பைடுக்கு மிக நல்லது என்று 1990களின் தொடக்கத்தில் ஜப்பானியர் காட்டினர். வாயு பட்டதும் தாமிர ஆக்சைடு தாமிர சல்பைடாக மாறும், மின்தடை சரிந்துவிடும். நம் நாட்டிலும் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இவ்வகை உணரிகள் ஆராயப்பட்டுள்ளன. கோட்டா, மணுகுரு ஆகிய இடங்களில் உள்ள கனநீர் ஆலைகள் ஹைட்ரஜன் சல்பைடைப் பெருமளவில் கையாளுபவை என்பதால் அந்த அக்கறை இயல்பானது. ஆனால் சல்பைடு மறுபடியும் ஆக்சைடாக மாறினால்தான் உணரி அடுத்த எச்சரிக்கைக்குத் தயாராகும். சூட்டில் சில நிமிடங்களில் முடியும் அந்த மாற்றம், குளிர்ந்த நிலையில் ஆமை வேகத்தில் நடக்கிறது.

புகழ்பெற்ற ஆய்வுகளும் இதற்கு விலக்கல்ல. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், கார்பன் நானோகுழாய் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜன் டை ஆக்சைடையும் அம்மோனியாவையும் உணர்வதைக் காட்டினர். பழைய நிலைக்குத் திரும்ப நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது நன்கு சூடாக்க வேண்டும் என்பதையும் அவர்களே நேர்மையாக எழுதினர். 2007இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் குழுவினர், கிராஃபீன் தகட்டில் ஒரே ஒரு மூலக்கூறு ஒட்டுவதைக்கூட அளந்துவிட்டனர். அத்தகட்டைத் தூய்மையாக்கி மறுபடி பயன்படுத்த 150 டிகிரி வரை சூடாக்கினர். முன்கதவு வழியாக அனுப்பிவிட்ட சூடேற்றி பின்கதவு வழியாகத் திரும்பி வருவதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்வந்த கட்டுரைகளின் தலைப்புகளிலோ ‘அறை வெப்பநிலை’ மட்டும் நின்றுவிடுகிறது. இந்த நிபந்தனை மறைந்துவிடுகிறது.

சூட்டுக்குப் பதிலாகப் புறஊதா ஒளியைப் பாய்ச்சி மேற்பரப்பைத் துலக்கும் முறை நம்பிக்கை தருகிறது. மணிகளை ஆறேழு நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்குவதும், பல்லேடியம் போன்ற உலோகங்களைத் தூவுவதும் பயன் தருகின்றன. நம் தமிழகத்தில் தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்திலிருந்து துத்தநாக ஆக்சைடு மென்படலங்கள் அம்மோனியாவை அறை வெப்பநிலையில் உணர்வது பற்றிய ஆய்வுகள் வெளிவந்துள்ளன. இத்தகைய உழைப்பு மதிப்புக்குரியது. இனி நாம் கேட்பது, இந்த உழைப்பை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதே.

மூன்று கேள்விகள்

முதற்கேள்வி: எந்த அறை? ஆய்வுக்கூடத்தின் அறை 25 அல்லது 27 டிகிரி. உணரியைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் உலர்ந்த காற்று. சாலையில் இரும்பு மூடிக்குக் கீழே இருப்பதும் ஓர் அறைதான். அங்கே வெயில் காலத்தில் புழுக்கம். எப்போதும் ஈரம் சொட்டும் காற்று. மழைக்காலத்தில் உப்புச் சாடியில் உப்பு கசிவதுபோல, குளிர்ந்த ஆக்சைடின் மேல் நீர் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படிந்துவிடும். அந்த நீர்ப்படலமே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். சூடான உணரியில் நீர் ஓரளவு விரட்டப்படும். குளிர்ந்த உணரியில் அது குடியேறிவிடும். ஆகவே ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது உணரி என்ன சொல்கிறது என்று தெரிவிக்காத ஆய்வு, நம் ஊர்ச் சாக்கடையைப் பற்றி எதுவும் தெரிவிக்கவில்லை.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு நேரம்? இறுதி அளவின் 90 விழுக்காட்டை எட்ட ஆகும் நேரத்தை ‘துலங்கல் நேரம்’ என்பார்கள். அது 3 நிமிடம் என்றால் கட்டுரையில் சிறிய எண்ணாகத் தோன்றும். ஓய்வாக இருக்கும் மனிதன் 4 விநாடிக்கு ஒரு முறை மூச்சு விடுகிறான் என்று கொண்டால், 3 நிமிடத்தில் 45 மூச்சு. ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்க்கும் வாயுவுக்கு 45 மூச்சு கழித்து வரும் எச்சரிக்கையால் என்ன பயன்?

மேலும், இறங்குமுன் ஒரு முறை அளப்பது மட்டும் போதாது. கழிவுநீரில் இந்த வாயு கரைந்து கிடக்கிறது. கோலி சோடாவைக் குலுக்கித் திறந்தால் பொங்குவதுபோல, சேற்றைக் கழியால் கலக்கியதும் அது வெளிவரும். மூடியைத் திறந்தபோது பாதுகாப்பாக இருந்த குழி, வேலை தொடங்கியதும் கொலைக்களம் ஆகலாம். ஆகவே விடாமல் அளக்கும், விரைவில் மீளும் உணரியே பயன்படும்.

மூன்றாம் கேள்வி: வேறு எதற்கெல்லாம் கூவும்? சாக்கடையில் மீதேன், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு எல்லாம் கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் கூவும் கருவியை, இரண்டு நாளில் தொழிலாளர்களே அணைத்து வைத்துவிடுவார்கள். ஒரே வாயுவைத் தூய காற்றில் கலந்து காட்டும் வரைபடம், தேர்வில் ஒரே கேள்விக்குப் படித்த மாணவனைப் போன்றது.

இக்கேள்விகளை விட்டுவிட்டு, ‘நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட உணர்வோம்’ என்று போட்டி போடுவதில் பொருள் குறைவு. குழிக்குள் இறங்குபவருக்குத் தேவைப்படும் எச்சரிக்கை அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. அதைவிடப் பதினாயிரம் மடங்கு நுண்மை அவருக்கு வேண்டாம். ஆறு மாதம் ஈரத்திலும் சேற்றிலும் கிடந்த பிறகும் அந்த 10 பங்கைத் தவறாமல் சொல்லும் உறுதியே வேண்டும்.

கருவி இல்லையா, மனம் இல்லையா?

இதுவரை ஆய்வாளர்களைக் குறை சொன்னோம். பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது.

அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜன் சல்பைடை அளக்கும் கருவி ஏற்கெனவே கடைகளில் உண்டு. அது குறைகடத்தி வகை அன்று, மின்வேதி வகை. ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் ஒருசேரக் காட்டும் கைக்கருவி சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதிலும் குறை இல்லாமல் இல்லை: மின்வேதி உணரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும், நீண்ட வறண்ட வெப்பத்தில் அதனுள் இருக்கும் கரைசல் வற்றும், அடிக்கடி சரிபார்க்க வேண்டும். தேயாத, மலிவான திண்மக் கருவியாகக் குறைகடத்தி உணரிக்கு உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது. ஆயினும் இருக்கும் கருவி உயிரைக் காக்கப் போதுமானது.

சட்டமும் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதன் விதிகளில் தொழிலாளருக்குத் தர வேண்டிய கருவிகளின் பட்டியலில் நான்கு வாயுக்களைக் கண்காணிக்கும் கருவியும் இடம்பெற்றுள்ளது. சாக்கடைச் சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் கூறியது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒரு கருவியின் விலை 50,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் உயிருக்குத் தரும் இழப்பீட்டில் 60 கருவிகள் வாங்கிவிடலாம். இந்தக் கணக்கைப் போட நானோ தொழில்நுட்பம் வேண்டியதில்லை. நாலாம் வகுப்புப் படிப்பே போதும்.

ஆகவே ‘நல்ல உணரி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை, அதனால்தான் சாவுகள்’ என்று யாரேனும் சொன்னால் அதை ஏற்கக் கூடாது. நம் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகள், அறியாமலே, அந்தச் சாக்குக்குத் துணைபோகின்றன. தொழிலாளியின் சாவை முதற்பத்தியில் சொல்லிவிட்டு, இரண்டாம் பத்தியில் மணியின் அளவுக்குத் தாவி, முடிவுரை வரை அந்தத் தொழிலாளியிடம் திரும்பாமலே போய்விடுகின்றன. இது அறிவியலுக்கும் அழகன்று, அவருக்கும் நியாயமன்று.

உணரி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது ஒன்றை மட்டுமே சொல்ல முடியும்: ‘இறங்காதே.’ அந்தச் சொல்லைக் கேட்டு மேலேயே நின்றுவிட அவருக்கு உரிமை இருக்க வேண்டும். இறங்காத நாளுக்கும் கூலி வர வேண்டும். அடைப்பை எடுக்க இயந்திரம் வர வேண்டும். இவை இல்லாத இடத்தில் உணரி வெறும் சாட்சியாகவே இருக்கும்.

கல்லூரிக் கண்காட்சிகளில் இத்தகைய உணரிகளைச் செய்து காட்டும் மாணவர்கள் மதுரையிலும் சுற்றுவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் உணரியை உலர்ந்த கண்ணாடிக் குடுவையில் சோதித்ததோடு நிறுத்தாதீர்கள். குடுவையின் அடியில் சிறிது நீர் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து 38 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நச்சு வாயுவைத் தயாரித்து விளையாட வேண்டாம். ஈரத்தில் உங்கள் கருவியின் தொடக்க அளவு நிலையாக நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சோதனை முடிந்தது. அளவு நிற்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதி வையுங்கள். கிணற்றில் இறக்கிய விளக்கு எதைச் சொல்லாது என்பதை அன்றே யாராவது எழுதி வைத்திருந்தால், அதை நம்பி இறங்கிய சிலராவது பிழைத்திருப்பார்கள்.